இரட்டைப்படை நாள்

துறையில் பயணச்சீட்டு கிழிக்கும் பெண்ணின் அக்கா சிப்பி விற்கிறவளிடம் சொன்னாளாம். சிப்பி விற்கிறவள் கஞ்சிக்கடை தேக்கிடம் சொன்னாளாம். தேக் சொன்னதை என் கணவர் கஞ்சிப் பாத்திரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்துகொண்டே என்னிடம் சொன்னார்.

"சியாமென் கப்பலை நிறுத்தப் போறாங்களாம். இருக்கிற நாலுல ரெண்டை ராத்திரியோட ராத்திரியா தெற்கே ஓட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

"யார் பார்த்தா?"

"யாரும் பாக்கல. அதனாலதான் உண்மையா இருக்குமோன்னு தோணுது."

அன்று மார்ச் முப்பது. தைவான் வசமுள்ள இந்தக் கின்மென் தீவில் இப்படிப்பட்ட பேச்சு வருடத்துக்கு நாலைந்து தடவை கிளம்பும், கிளம்பியபடியே அடங்கிவிடும். எதிர்க்கரை சீனா, அரைமணிக் கப்பல் தூரம். பனி இல்லாத நாளில் சியாமென் நகரத்துக் கட்டடங்களின் ஜன்னல்களை எண்ணலாம். ஆனாலும் இந்த முறை நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதற்குக் காரணம் பக்கத்து வீடு. அங்கே இருக்கிற சியோக்கிம் ஆசிமின் ஒரே மகள் பீசுவான் வாழ்வது அந்தக் கரையில்.

ஆசிம் என்றால் சித்தி முறை. சந்து முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். நான் பினாங்கிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என்னை அவர் இன்னும் "பினாங்குக்காரி" என்றுதான் கூப்பிடுகிறார்.

உப்பு போதாததால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். வழக்கத்தைவிடக் கூட்டம். தேக் அகப்பையை ஆட்டிக்கொண்டு அரசியல் பேசிக்கொண்டிருந்தான்.

"போன மாசம் அமெரிக்காக்காரன் கப்பல் ஜலசந்தியில போச்சு. அதுக்குப் பதிலா எதிர்க்கரைக்காரன் ஒத்திகை பண்ணான். அதுக்குப் பதிலா அவன் இன்னும் மூணு கப்பல் கொண்டாந்தான். இப்ப இவன் முறை."

"சீட்டாட்டம் மாதிரி சொல்றியே," என்றார் ஒருவர்.

"சீட்டாட்டத்துல எவனாவது ஒருத்தன் போதும்னு கவுத்து வைப்பான். இங்க எவன் வைப்பான்? வெச்சா கூட இருக்கிற கூட்டாளியெல்லாம் கழண்டுக்குவான்னு ரெண்டு பேருக்கும் பயம். பயந்தவன் பின்னாடி போவான்னு நெனப்போம். இல்ல. இந்தப் பயம் முன்னாடிதான் தள்ளும்."

"கஞ்சி கிண்டுறவனுக்கு இதெல்லாம் எப்படிடா தெரியும்?"

"கஞ்சி கிண்டுறவனுக்குத்தான் தெரியும். பத்து வருஷமா காத்தாடுன கடை. ரெண்டு வாரமா காலையில அஞ்சு மணிக்கே பட்டாளத்தான் வரிசையில நிக்கிறான். நான் எதுக்குச் செய்தி கேக்கணும்?"

அப்போதுதான் ஆசிம் தன் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். எழுபதைத் தாண்டியும் நிமிர்ந்த முதுகு. பேச்சு சட்டென்று நின்றது.

"என்னடா, நான் வந்ததும் எல்லார் வாயிலயும் கஞ்சியா?"

தேக் வேறு வழியில்லாமல் கப்பல் விஷயத்தைச் சொன்னான். ஆசிம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பொரித்த மாவுக்குச்சி இரண்டு கூடப் போடச் சொன்னார். பிறகு, "இன்னைக்கு முப்பது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இளையவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் தலையைக் குனிந்து கஞ்சியைக் குடித்தார்கள். முப்பது இரட்டைப்படை என்பதன் அர்த்தம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அவர்கள் வளர்ந்த காலத்தில் எதிர்க்கரைப் பீரங்கி ஒற்றைப்படைத் தேதியில் மட்டும் சுடும். இரட்டைப்படைத் தேதியில் சுடாது. அறிவித்துவிட்டே அப்படிச் செய்தார்கள், இருபது வருடம். இந்தப் பக்கத்துக் குண்டு அமெரிக்காவில் செய்தது. அந்தப் பக்கத்துக் குண்டுக்கு ரஷ்யாக்காரன் வழிகாட்டினான். இரண்டு பெரிய நாடுகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, மோதலை இந்தத் தீவின் தலையில் தேதி போட்டு இறக்கி வைத்திருந்தார்கள். ஒற்றை நாளில் பதுங்குகுழி. இரட்டை நாளில் சந்தை, கல்யாணம், சவ அடக்கம், வயல் வேலை. குழந்தைகள் எண்ணக் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

ஆசிமின் அப்பா அதற்கு முன்பே, தொடர்ந்து நாற்பத்துநாலு நாள் குண்டு விழுந்த வருடத்தில் போய்விட்டார். அம்மா கடலோரத்தில் நட்டுவைத்த கல்தூண்களில் சிப்பி வளர்த்தார். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, தேதியும் தெரியாது. அவருக்கு நிலாவும் அலையும்தான் காலண்டர். பள்ளிக்கூடம் போகிற எட்டு வயது மகள்தான் வீட்டில் தேதி சொல்கிறவர்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா கூடையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தண்ணி நல்லா வடிஞ்சிருக்கு. இன்னைக்குச் சுடுவானா?"

"நேத்துதானே சுட்டான். இன்னைக்கு லீவு," என்றார் சிறுமி.

நேற்று மார்ச் முப்பத்தொன்று. இன்று ஏப்ரல் ஒன்று. மாதம் திரும்புகிற இடத்தில் இரண்டு ஒற்றை நாள் அடுத்தடுத்து வரும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவு வரவில்லை.

அந்தக் காலத்துக் குண்டுகளில் பாதி வெறும் துண்டுக் காகிதம் நிரப்பியவை. வானத்தில் வெடித்து, சகோதரர்களே என்று தொடங்கும் காகிதங்களைப் பொழியும். ஆனால் காகிதத்தைச் சுமந்துவருகிற இரும்பு எங்காவது விழுந்தாக வேண்டுமே. கரையில் நின்ற சிறுமிக்குச் சேற்றின்மேல் வெள்ளையாக நிறையப் பறவைகள் இறங்கியதுபோலத் தெரிந்ததாம். கிட்டே போன பிறகுதான் காகிதம் என்று தெரிந்தது. பிறகு கூடை தெரிந்தது.

இதை ஆசிம் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே, விலைவாசி பேசுகிற குரலில் சொன்னார்.

அதற்குப் பிறகு இன்றுவரை அவர் யாருக்கும் "போகலாம்" என்றோ "போகாதே" என்றோ சொன்னதில்லை. பதினான்கு வயதில் பட்டாளத்தாரின் துணி வெளுக்கப் போனார். "அக்கா, இன்னைக்கு வெளிய போகலாமா?" என்று சிப்பாய்கள் கேட்டால் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கைகாட்டுவார். அவ்வளவுதான். அந்தச் சிப்பாய்களில் ஒருவரையே கட்டிக்கொண்டார். சிச்சுவானிலிருந்து வந்து ஊர் திரும்ப முடியாமல் போன மனிதர், அமைதியானவர். இப்போது அவரும் இல்லை. கல்யாணம் நடந்தது இரட்டை நாளில். பீசுவான் பிறந்தது ஒரு பதினேழாம் தேதி. பதிவேட்டில் பதினெட்டு என்று போடச் செய்தவர் ஆசிம். பீரங்கிகள் ஓய்ந்து அப்போதே பல வருடம் ஆகியிருந்தது.

"பொறந்த நாளையே ஒரு நாள் தள்ளிவெச்ச அம்மா உலகத்துலயே எனக்கு மட்டும்தான் இருக்கா," என்று பீசுவான் ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லுவாள்.

"ஒரு நாள் கூடுதலா எளமையா இருக்க. கசக்குதா?" என்பார் ஆசிம்.

சியாமெனுக்குக் கப்பல் விட ஆரம்பித்தபோது தீவுப் பெண்கள் பலர் சாமான் சுமக்கப் போனார்கள். இங்கிருந்து சோளச் சாராயமும் பால்மாவும், அங்கிருந்து காளானும் துணியும். ஆசிமும் போனார். முதல் பயணத்தில் இறங்கியதும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாராம். கூட வந்தவர்கள் தலைசுற்றலோ என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

"அரை மணி நேரமா?" என்றாராம். "இதுக்கா இருபது வருஷம்?"

அந்தக் கப்பலில்தான் பீசுவான் தன் கணவனைப் பார்த்தாள். எதிர்க்கரைக்காரன், கப்பல் எந்திரப் பொறியாளன். ஊரில் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். ஆசிம் கேட்டது ஒன்றே ஒன்று: "கல்யாணத்துக்கு என்ன தேதி?"

மார்ச் முப்பது மதியம், முன்னோர் கல்லறைக்குப் படைக்கிற ஏப்ரல் திருநாளுக்காகக் காய் வைத்து மடிக்கிற மெல்லப்பத்துக்கு நானும் ஆசிமும் அவர் சமையலறையில் கேரட் சீவிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பீசுவானின் அழைப்பு வந்தது. கை ஈரம் என்று ஆசிம் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார்.

"அம்மா, அவரு கப்பலை எடுத்துக்கிட்டாங்க."

"யாரு எடுத்தா?"

"அரசாங்கம். எந்திரம் பாக்கணும்னு அவரையும் சேத்துக் கூட்டிட்டுப் போனாங்க. நாலு நாளாச்சு. எங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. இங்க பயணிக் கப்பல், மீன் கப்பல்னு பாக்காம எல்லாத்துக்கும் நம்பர் எழுதறாங்க."

ஆசிமின் கத்தி நின்றது.

"அம்மா, நாளைக்குக் காலையில சீட்டு இருக்கு. எடுத்துடட்டுமா? இல்ல லீவு விட்டதும் மூணாம் தேதி வரட்டுமா? கிளினிக்ல பல் டாக்டர் கத்துவாரு, லீவுக்கு முன்னாடியே போறேன்னா. கத்தட்டும். நீ சொல்லு."

"எனக்கு என்ன தெரியும்?"

"எப்பவும் இதே பதில்தானா? ஒரு தடவையாவது சொல்லும்மா. இங்க தனியா இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. நீ எதச் சொன்னாலும் அதச் செய்றேன்."

ஆசிம் கையைத் துடைத்துக்கொண்டு சுவருகே போனார். தினசரிக் காலண்டரின் முப்பதாம் தாளைத் தூக்கிப் பார்த்தார். அடுத்ததைத் தூக்கினார். அதற்கடுத்ததையும். அறுபது வருடத்துக்கு மேல் பூட்டிவைத்த வாயை எங்கள் கண்முன்னால் திறந்தார்.

"நாளைக்கு முப்பத்தொண்ணு. மறுநாள் ஒண்ணு. ரெண்டு நாளும் ஒத்தை. மூணும் ஒத்தை. ரெண்டாம் தேதி வா."

அந்தப் பக்கம் பீசுவான் சிரித்தாள். அழுகை கலந்த சிரிப்பு.

"அம்மா! இப்பவுமா?"

"சொல்லச் சொன்னல்ல?"

"சரி. ரெண்டாம் தேதி, பத்து மணிக் கப்பல். மீன் வாங்கி வை."

என் கையிலும் ஒரு கேரட் இருந்தது. நாளைக்கே வரட்டுமே ஆசிம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு வாரமாக என் கடவுச்சீட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவள் நான். கடைக்குப் போனாலும் அது கூட வரும். ஆனாலும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு தாய் மகளுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுக்கிறாள், அதற்குள் நான் எங்கே நுழைவது? தவிர, இரண்டே இரண்டு நாள். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

முப்பத்தொன்று. காலைக் கப்பல் வந்தது, நிரம்பி வழிந்து. மதியக் கப்பலும் வந்தது. ஆசிம் வாசலைத் தாண்டவில்லை. மகளின் மெத்தையை ஜன்னலோர வெயிலில் போட்டுத் தட்டினார்.

ஒன்று. அன்றும் கப்பல்கள் வந்தன. மூட்டை முடிச்சோடு, பூனைக்கூண்டோடு எல்லாம் ஆட்கள் இறங்கியதாகத் தேக் சொன்னான். அன்று ஆசிமின் அம்மா இறந்த நாள். அவர் சாமி மேடையில் ஒரு கிண்ணம் சிப்பி வைத்து ஊதுவத்தி கொளுத்தினார். "ஒண்ணாம் தேதியும் நல்லபடியா போயிடும்," என்றார் என்னிடம். அவர் அப்படி ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் கஞ்சிக்கடைத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. வெகு தெற்கே, யாரும் குடியிருக்காத ஒரு பவளத் திட்டுக்குப் பக்கத்தில், இரண்டு நாட்டுக் கப்பல்களும் உரசிக்கொண்டன. ஒன்று மூழ்கியது. மேலே பறந்த விமானம் ஒன்றும் விழுந்தது. எதிர்க்கரை அதிகாரி பேசினார்: நாங்கள் பதில்தான் கொடுத்தோம். அமெரிக்க அதிகாரி பேசினார்: நாங்கள் பதில்தான் கொடுத்தோம்.

"அப்ப ஆரம்பிச்சது எவன்டா?" என்று தேக் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

"அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க," என்றார் என் கணவர். "ஒவ்வொரு தடவையும் பேசிக்குவாங்க. ரெண்டு பேருக்கும் கணக்குத் தெரியும்."

"ஒவ்வொரு தடவையும் பேசிக்கிட்டாங்கங்கறதுதான் ரெண்டு பேருக்கும் தைரியம்," என்றான் தேக். "அவன் நிறுத்துவான்னு இவன் நெனப்பான். இவன் நிறுத்துவான்னு அவன் நெனப்பான்."

வீட்டுக்கு வந்ததும் ஆசிமிடம் சொன்னேன். அவர் அதை வானிலைச் செய்திபோலக் கேட்டுக்கொண்டார். "அதான் ஒத்தை நாள்னு சொன்னேன்," என்றார்.

விடிந்தபோது உலகம் வேறாக இருந்தது. ஜப்பான் பக்கம் ஒரு அமெரிக்கத் தளம் அடிபட்டிருந்தது. அதற்குப் பதிலாக எதிர்க்கரையில், எங்களிலிருந்து வடக்கே, ஒரு துறைமுகம் அடிபட்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எந்தெந்த நாடுகளோ யார் பக்கம் என்று அறிவித்துக்கொண்டிருந்தன. எங்கள் தீவில் ஒரு குண்டும் விழவில்லை. சந்தில் வழக்கம்போலக் குருவிகள் கத்தின.

ஆசிம் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, காலண்டரில் ஒன்றாம் தேதித் தாளைக் கிழித்துப் பந்தாகச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு என் கதவைத் தட்டினார். கையில் கைப்பேசி. எட்டு மணிக்கு மகள் அனுப்பிய செய்தி: "துறைக்கு வந்துட்டேன். வரிசை ரொம்ப நீளம். உள்ள விட ஆரம்பிக்கல. மீன் வாங்கினியா?"

"வா, துறைக்குப் போகலாம். உன் புருஷன வண்டி எடுக்கச் சொல்லு," என்றார்.

எங்கள் பக்கத்துத் துறையில் கப்பல் கயிற்றில் கட்டிக் கிடந்தது. அறிவிப்புப் பலகையில் எல்லா வரியிலும் ஒரே சொல், ரத்து. சீட்டுக் கூண்டு மூடியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு இளம் அதிகாரி நாற்பது பேருக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி நின்றான்.

ஆசிம் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போனார்.

"தம்பி, பத்து மணிக் கப்பல்?"

"இன்னைக்கு எதுவும் கிடையாது ஆசிம். கடல மூடிட்டாங்க."

"இன்னைக்கு ரெண்டாம் தேதி."

"ஆமா."

"நேத்து வந்துச்சா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் வந்துச்சு."

"முந்தாநாள்?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. பொறுமையாகத்தான் சொன்னான். "முந்தாநாளும் வந்துச்சு, நேத்தும் வந்துச்சு ஆசிம். எல்லாக் கப்பலும் வந்துச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் இடம் குடுத்தோம். இன்னைக்குத்தான்..."

ஆசிம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

வெளியே அலைத்தடுப்புச் சுவரில் போய் நின்றோம். பனி விலகித் தெளிந்த காலை. எதிர்க்கரைக் கட்டடங்கள் கழுவி வைத்ததுபோல நின்றன. பீசுவான் நிற்கிற துறை அந்த நீண்ட பாலத்துக்கு இடப்பக்கம் என்று ஆசிம் கையை நீட்டிக் காட்டினார். பன்னிரண்டு வருடம் சாமான் சுமந்த துறை, அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும். ஆசிம் கைகாட்டிய இடத்திலிருந்து ஒரு புகை எழுந்தது. சத்தமே இல்லை. கூட்டத்தில் ஒருவர் "என்ன அது" என்று கேட்டு முடித்த பிறகுதான் சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வந்து சேர்ந்தது, ஒன்று, பிறகு இன்னொன்று. சுவரில் இருந்த வயதானவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் குத்துக்காலிட்டுத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, அந்த உடம்புகள் தாமாகவே செய்தன. இளையவர்கள் நின்றபடி படம் பிடித்தார்கள்.

ஆசிம் மட்டும் உட்காரவில்லை. மகளின் எண்ணை அழுத்தினார்.

"போகுது," என்றார். "மணி போகுது. கேளு."

என் காதில் வைத்தார். போய்க்கொண்டுதான் இருந்தது. தானாக அறுந்ததும் மறுபடி அழுத்தினார். மறுபடி போனது.

"கூட்டத்துல கேக்காது," என்றார். "பைக்குள்ள வெச்சிருப்பா. அவ எப்பவும் பைக்குள்ளதான் வெப்பா."

"ஆமா ஆசிம்."

என் கணவர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு கூப்பிட்டார். எங்கே போவதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஆசிம் அசையவில்லை. மூன்றாவது தடவை அழுத்தி, கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புகையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பினாங்குக்காரி. இன்னைக்கு ரெண்டுதானே?"

"ரெண்டுதான் ஆசிம்."

"நான் சரியாத்தானே பாத்தேன்?"

அவர் கைக்குள் மணி போய்க்கொண்டே இருந்தது.